பதினாறும் பெறும் காரியம்

தென்காசியிலிருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும், முகூர்த்த மாதங்களில் ஊருக்குள் சாலை பிரிகிற ஒவ்வொரு விலக்கிலும் ஒரு கல்யாண பேனர் நிற்கும். மாப்பிள்ளையின் கூட்டாளிகள் வைத்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட கூட்டாளிகள் வரிசைகட்டி நிற்க, நடுவில் மாப்பிள்ளை இருப்பான். அவன் தலைக்கு மேல், அவன் மானத்தைச் சந்தியில் ஏலம் விடுகிற மாதிரி ஒரு வாசகம். இதையெல்லாம் வேலைவெட்டி இல்லாத எவனோ ஒரு பயல் உட்கார்ந்து எழுதுகிறான் என்றுதான் ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. எழுதினவள் ஜெயசித்ரா. கோயில் வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி அப்துல் மஜீது பாய் வைத்திருக்கும் பிளெக்ஸ் கடையில் டிசைன் போடுகிறவள். நாற்பதைத் தாண்டியவள். மேலகரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து, மூலைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள். 'சரி', 'ஆகட்டும்' தவிர இவள் வாயில் வேறு வார்த்தையே வராதோ என்று தோன்றும். அமுக்குணி என்பார்களே, அந்த ரகம்.

பிறக்கும்போதே யாரும் அமுக்குணியாகப் பிறப்பதில்லை. சின்ன வயதில் அவள் வாய்க்குப் பயந்து தெருவில் பெரியவர்களே சுற்றிக்கொண்டு போவார்களாம். 'பொம்பளை சிரிச்சாப் போச்சு, புகையிலை விரிச்சாப் போச்சு' என்று சொல்லிச் சொல்லியே அவள் அம்மா அந்த வாயைத் தைத்துவிட்டாள். மிச்சத்தைப் புருஷன் தைத்தான். கல்யாணமான புதிதில் அவன் அக்காள் முன்னால் அவனை ஏதோ ஒரு வார்த்தை கேலி பேசிவிட்டாள் என்று வாரக்கணக்கில் முகம் கொடுக்கவில்லை. பிறகு செங்கோட்டை தாண்டிப் புனலூருக்கு வேலைக்குப் போனான். போன இடத்தில் வேறொருத்தியோடு குடித்தனமும் ஆகிவிட்டது. கடையில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. அந்த மட்டுக்கும் நல்ல மனுஷர்கள்.

வாசகம் எழுதியது தற்செயலாகத்தான் தொடங்கியது. ஏதோ ஒரு பேனரில் மாப்பிள்ளை தலைக்கு மேல் இடம் காலியாகக் கிடந்தது. 'அஞ்சருவியில் குளித்தும் தெளியாத பித்தம், ஒரு தாலியில் தெளிகிறது' என்று அடித்து வைத்தாள். மஜீது பாய்க்குக் குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கில் ஏறிவிட்டது. அதிலிருந்து பையன்கள் வாசகத்துக்காகவே இந்தக் கடையைத் தேடி வந்தார்கள். 'மாப்பிள்ளைக்குத் தெரிந்த சமையல் வெந்நீர். பெண்ணுக்குத் தெரிந்த சமையல் அதை ஆற்றுவது' என்ற வாசகம் சிவகிரி வரைக்கும் போனது. பாய் தன் மூளையில் உதித்தது போலத் தலையாட்டிக்கொள்வார். ஜெயசித்ராவுக்கு அதில் வருத்தமே இல்லை. வாயால் சொன்னால் 'என்ன வாய் இவளுக்கு' என்பார்கள். பிளெக்ஸில் அடித்தால் 'யாருலே எழுதினது, பின்னிட்டான்' என்கிறார்கள். அவளுக்கென்று உலகத்தில் இருந்த ஒரே பேச்சு அதுதான்.

வரைமுறை இல்லாதவள் என்று நினைத்துவிடக் கூடாது. சாதியைத் தொடமாட்டாள். தொட்டால் கிழிவது பேனர் அல்ல, மண்டை. கறுப்பு, குட்டை, வழுக்கை என்று உடம்பைப் பிடித்து இழுக்கமாட்டாள். பெண்ணைப் பற்றி அசிங்கமாக ஒரு சொல் கேட்டு வந்தால், 'சிஸ்டம் மக்கர் பண்ணுது' என்று சொல்லி அனுப்பிவிடுவாள். இவ்வளவும் பார்த்தபிறகு தன் கையில் யாருக்கும் அடிபடாது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தாள்.

ஆனி மாதம், சாரல் தொடங்கின சமயத்தில், சுந்தரபாண்டியபுரத்துப் பாண்டி வந்தான். அவன் கூட்டாளி முத்துச்செல்வத்துக்கும் அனுசியா என்ற பெண்ணுக்கும் கல்யாணம். மாப்பிள்ளை ராணுவத்தில் இருக்கிறான், ஜம்முவிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருக்கிறான். ஊர் விலக்கில் இறங்குகிறபோதே அவன் கண்ணில் படுகிற மாதிரி ஒன்று வேண்டும், இதுவரைக்கும் எவனும் வைக்காததாக இருக்க வேண்டும் என்றான். சீருடையில் எடுத்த ஒரு படத்தையும் கொடுத்துவிட்டுப் போனான்.

ஜெயசித்ரா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அந்த வரி வந்தது. எழுதுகிறவர்களுக்குத் தெரியும், சில வரிகள் நாம் எழுதுவதில்லை, தானாக வந்து மடியில் விழும். கல்யாணத்துக்குச் சொல்கிற வாழ்த்து 'பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க'. செத்த வீட்டில் செய்கிற காரியம் பதினாறாம் நாள். ஒரே பதினாறு! 'பதினாறாம் நாள் காரியம் கிடையாது, பதினாறும் பெறும் காரியம் உண்டு.' சந்தோஷத்தில் அவளுக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. இந்த வரி நிற்க வேண்டுமானால் மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்று இருந்தாக வேண்டும். அது எடுபட வேண்டுமானால் கறுப்புக் கரை வேண்டும், படத்துக்கு மாலை வேண்டும், கீழே குத்துவிளக்கு வேண்டும். எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்தாள். 'எல்லையில் புறமுதுகு காட்டாத எங்கள் வீரன், முகூர்த்த வேளையில் அனுசியா என்பவரிடம் ஆயுதங்களை ஒப்படைத்துச் சரணடைகிறார். எடுப்பு: மாப்பிள்ளை அழைப்பு அன்று.' கடைசியில் பதினாறு.

மஜீது பாய் எட்டிப் பார்த்தார். விளக்கையும் மாலையையும் பார்த்ததும் அவர் முகம் கோணியது. வேண்டாமே சித்ரா, பார்க்கவே ஒரு மாதிரி இருக்கே என்றார்.

"படிச்சாப் புரியும் பாய்" என்றாள் அவள்.

அந்த ஒரு சொல்லில்தான் எல்லாக் கோளாறும் இருந்தது.

இரண்டு நாள் போயிருக்கும். காலையில் பஸ்ஸில் வரும்போது போனில் ஒரு வீடியோ வந்தது. யாரோ ஒரு கிராமத்து அம்மா தலையை விரித்துப் போட்டு, ரோட்டில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்கிறாள். பின்னால் கெக்கெக்கே என்று சிரிப்புச் சத்தம் சேர்த்திருந்தார்கள். மேலே 'பேனருக்கு ஒப்பாரி வைத்த ஆத்தா' என்று தலைப்பு. ஜெயசித்ராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆமாம், சிரித்தாள். அப்புறம்தான் படம் எடுத்தவன் போனை மேலே தூக்கினான். அவள் செய்த கறுப்புக் கரை, அவள் செய்த குத்துவிளக்கு, காற்றுக்கு ஆடிக்கொண்டு நின்றது.

நடந்தது இதுதான். முத்துச்செல்வத்தின் அம்மா ஆவுடைத்தாய் தென்காசியில் தாம்பூலப் பைகள் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பியிருக்கிறாள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். அவளுக்கு 'அ' என்றாலும் ஒன்றுதான், ஆட்டுக்கல் என்றாலும் ஒன்றுதான். ஆனால் அந்த விலக்கில், அதே இடத்தில், கறுப்புக் கரையும் மாலையும் விளக்கும் வைத்துச் சீருடையில் ஒரு படம் நின்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். அவள் தம்பி மாடக்கண்ணு ராணுவத்தில் செத்தபோது ஊர்க்காரர்கள் வைத்ததும் இதே மாதிரி ஒன்றுதான். ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதிக்கப் பார்த்தவளைப் பிடித்து, பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிட்டார்கள். படிக்கத் தெரிந்தவர்கள், இது கேலி, இது கல்யாண பேனர் என்று காதில் கத்தினார்கள். காது கேட்கிற நிலையில் அவள் இல்லை. மகனுக்குப் போன் போட்டால் ரயில் எங்கேயோ சிக்னல் இல்லாத காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவன் குரலைக் கேட்கிற வரைக்கும் அவள் பிள்ளையைப் பறிகொடுத்தவளாகவே ரோட்டில் கிடந்தாள். கேட்டபிறகு எழுந்தாள். பக்கத்துத் தோட்டத்தில் அரிவாள் வாங்கி, தன் கையாலேயே பேனர் கயிறுகளை அறுத்தாள். அதையும் ஒருவன் படம் பிடித்தான்.

கடைக்கு வந்த ஜெயசித்ரா கம்ப்யூட்டரைப் போடவே இல்லை. மஜீது பாய் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவர் பாட்டுக்கு ஒரு மஞ்சள் தாளில் 'இங்கு கேலி வாசகங்கள் அச்சிடப்பட மாட்டாது' என்று பிரிண்ட் எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினார். இனிமேல் 'மணமக்கள் வாழ்க' மட்டும்தான், கீழே பெயர், தேதி, மண்டபம், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார். அவரைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. ஆனால் அந்த மஞ்சள் தாளைப் பார்க்கிறபோது, அம்மாவும் புருஷனும் தைத்தது போக விட்டுப்போன கடைசித் தையலையும் போட்டுவிட்டார்கள் என்று அவளுக்கு இருந்தது.

மத்தியானம் பாண்டி வந்தான். மஞ்சள் தாளைப் பார்த்துவிட்டு அவனுக்குக் கோபம். வருகிற வழியெல்லாம் ஊர்க்காரர்கள் காறித் துப்பியிருப்பார்கள் போலிருக்கிறது. ஒரு ஜோக்கைத் தாங்கமாட்டார்களா, பேச்சுரிமை என்று ஒன்று நாட்டில் இருக்கிறதா இல்லையா, படிக்கத் தெரியாதது யார் தப்பு என்றெல்லாம் அடுக்கினான். அந்த வீடியோவுக்குச் சிரிப்புச் சத்தம் சேர்த்தவன் மட்டும் கையில் கிடைத்தால் கை காலை முறித்துவிடுவேன் என்றும் சொன்னான்.

"அவனும் ஜோக்குன்னுதானே சொல்லுதான்" என்றாள் ஜெயசித்ரா.

பாண்டி அவளைப் பார்த்தான். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் அடுக்கின நியாயங்கள் எல்லாமே நேற்றுவரை அவள் மனசுக்குள் வைத்திருந்த நியாயங்கள்தான். எதுவும் பொய்யில்லை. ஆனால் ரோட்டில் கிடந்த ஒருத்தியின் தலைமாட்டில் நின்று சொல்ல எதுவும் லாயக்கில்லை. அதற்காக மஞ்சள் தாள்தான் சரியா? ஊரில் ஒருவரையும் நோகடிக்காத கேலி என்று ஒன்று உண்டா? உப்பில்லாத கருவாடு மாதிரி அல்லவா இருக்கும்! அவளுக்கு இந்தப் பக்கமும் நிற்க முடியவில்லை, அந்தப் பக்கமும் நிற்க முடியவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை, கடைக்கு முன்னால் ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஆவுடைத்தாய் இறங்கினாள். ஒடிசலான உடம்பு, அள்ளிச் செருகின கொண்டை, கக்கத்தில் மடித்த பிளெக்ஸ். பின்னால் முத்துச்செல்வம். அவ்வளவு உயரமான ஆள், அம்மா முதுகுக்குப் பின்னால் எங்கே ஒளிவது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றுகொண்டான். மஜீது பாய் எழுந்து நாற்காலியைத் தள்ளிப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"இதை எழுதினது யாரு?"

பாய் தொண்டையைச் செருமிக்கொண்டு, கடை என்னுடையது தாயி, தப்பும் என்னுடையதுதான் என்று தொடங்கினார். ஜெயசித்ரா எழுந்து நின்றாள்.

"நான்தாங்க்கா."

ஆவுடைத்தாய் அவளை மேலும் கீழும் பார்த்தாள். ஒரு பொம்பளையை அவள் எதிர்பார்க்கவில்லை. பிறகு பிளெக்ஸைத் தரையில் உதறி விரித்தாள். முத்துச்செல்வம் மாலையும் விளக்குமாகக் கடை நடுவில் கிடந்தான். உயிரோடு இருக்கிறவன் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு எம் மவன்கிட்டக் கேட்டா மழுப்புதான். அந்தப் பாண்டிப் பயகிட்டக் கேட்டா தலையைச் சொறியுதான். எம் பிள்ளையைக் கொன்னு போட்டுட்டு அப்படி என்னதான்ட்டி எழுதின? படி. எனக்குக் கேக்கணும்."

ஜெயசித்ரா குனிந்து படித்தாள். எத்தனையோ பேனருக்கு எழுதியிருக்கிறாள், ஒன்றைக்கூட ஓர் ஆள் முகத்துக்கு நேரே வாயால் சொன்னதில்லை. 'கண்ணீர் அஞ்சலி' என்கிறபோதே குரல் உள்ளே போய்விட்டது. சத்தமாகப் படி என்றாள் ஆவுடைத்தாய். புறமுதுகு காட்டாத வீரன், அனுசியாவிடம் சரணடைந்தது, எல்லாம் வாசித்தாள். ஆவுடைத்தாய் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. 'எடுப்பு' என்ற சொல் வந்தபோது ஜெயசித்ரா நிறுத்தினாள். பிணத்தைத் தூக்குவதற்குச் சொல்கிற சொல். பெற்றவளிடம் அதை எந்த வாயால் சொல்வது? சொன்னாள். ஆவுடைத்தாயின் தாடை இறுகியது.

"இன்னும் ஒரு வரி கீழ கெடக்கே, அது என்ன?"

"பதினாறாம் நாள் காரியம் கிடையாது. பதினாறும் பெறும் காரியம் உண்டு."

ஆவுடைத்தாய் அதை உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். மூக்கிலிருந்து புஸ் என்று ஒரு சத்தம் வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பின் மீதே அவளுக்குக் கோபமும் வந்தது.

"நல்லாத்தான் எழுதியிருக்க, சண்டாளி. படிக்கத் தெரிஞ்சவனுக்கு ஜோக்கு. என்னை மாதிரிக் கண்ணு மட்டும் இருக்கவளுக்கு என்ன வச்ச? விளக்குல்லா வச்சிருக்க. எம் மவனுக்கு விளக்கேத்திட்ட. ஒம் புருசன் படத்துக்கும் இப்படித்தான் வீட்டுல விளக்கேத்தி வச்சிருக்கியா?"

மஜீது பாய் சட்டென்று வெளியே ரோட்டைப் பார்த்தார். ஜெயசித்ராவின் புருஷன் சங்கதி ஆவுடைத்தாய்க்குத் தெரியாது. கோபத்தில் கைக்குக் கிடைத்ததை எடுத்து எறிந்தாள், அது போய் எங்கே பட வேண்டுமோ அங்கே பட்டுவிட்டது. ஜெயசித்ரா பேசாமல் இருந்திருக்கலாம், எத்தனையோ வருஷமாகப் பேசாமல்தானே இருந்தாள். அன்றைக்கு என்னவோ வாய் திறந்துகொண்டது.

"இல்லக்கா. அவன் உசுரோட புனலூர்ல இன்னொருத்திக்குச் சோறு பொங்கிப் போட்டுட்டு இருக்கான். எனக்கு ஒரு நாளும் வெந்நிகூட வச்சுத் தந்ததில்ல."

ஆவுடைத்தாய் குபீரென்று சிரித்துவிட்டாள். சிரித்த வாய் மூடுவதற்குள் விஷயம் உறைத்தது. கை நெஞ்சுக்குப் போனது.

"அய்யோ, தெரியாமக் கேட்டுட்டேன் பிள்ள."

"நானும் தெரியாமத்தான்க்கா எழுதினேன்."

ஆவுடைத்தாய் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஒனக்கு வலிச்சுதா?"

"வலிச்சுது."

"அப்பஞ் சரி" என்றாள் ஆவுடைத்தாய். அதில் இரக்கமும் இருந்தது, கொஞ்சம் திருப்தியும் இருந்தது. பொய் சொல்வானேன்?

தண்ணீர் வாங்கிக் குடித்தாள். பிறகு மகனைக் காட்டி, இவனுக்கு ஒரு பேனர் வேண்டும், விலக்கு வெறிச்சோடிக் கிடந்தால் ஊர்க்காரன், கூட்டாளிகள் எனக்குப் பயந்துகொண்டு வைக்கவில்லை என்று பேசுவான் என்றாள். மஜீது பாய் மஞ்சள் தாளைக் காட்டி இழுத்தார். அது என்ன எழுதியிருக்கிறது என்று அவள் கேட்டாள். அவர் சொன்னார். கேலி இல்லாமல் என்ன கல்யாணம், கருமாதியா என்று கேட்டுவிட்டு, தான் சொன்ன சொல்லைக் கேட்டுத் தானே நாக்கைக் கடித்துக்கொண்டாள். பாய் போய் அந்தத் தாளை நகத்தால் சுரண்டத் தொடங்கினார்.

முத்துச்செல்வத்தின் போனில், முன்பு லீவில் வந்தபோது குற்றாலத்து மெயின் அருவியில் எடுத்த படம் ஒன்று இருந்தது. தலை நனைந்து, பல் முப்பத்திரண்டும் வெளியே தெரிய நிற்கிறான். ஜெயசித்ரா அதை வைத்து டிசைன் போட்டாள். வாசகமும் எழுதினாள், அதை விட்டுவிட அவளுக்கு மனசில்லை, விட வேண்டிய தேவையும் இல்லை. 'ஜம்முவில் பனிக்கு நடுங்காதவன், அனுசியாவின் மிஸ்டு காலுக்கு நடுங்குகிறான்.' பிறகு ஒரு காரியம் செய்தாள். டிசைனில் எழுத்து ஒரு லேயர், படம் ஒரு லேயர், ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த தனித்தனி அடுக்கு. எழுத்தை மட்டும் மறைத்தாள். எழுத்தே இல்லாத பேனரை ஆவுடைத்தாய் பக்கம் திருப்பினாள்.

"இப்பச் சொல்லுங்கக்கா. என்ன தெரியுது?"

ஆவுடைத்தாய் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "எம் மவன் குளிச்சுட்டு நிக்கான். பல்லைக் காட்டுதான். வேற என்ன, கலியாண வீடு மாதிரித்தான் இருக்கு."

எழுத்தைத் திரும்பப் போட்டு, முழுவதும் படித்துக் காட்டினாள். ஆவுடைத்தாய்க்கு மிஸ்டு கால் பிடித்திருந்தது. ஆனாலும் கேட்டாள், அந்தப் பதினாறு எங்கே என்று. விளக்கும் கறுப்புக் கரையும் இல்லாமல் அந்த வரி நிற்காது என்று ஜெயசித்ரா சொல்லவேண்டி வந்தது. அவள் எழுதினதிலேயே நல்ல வரி அது, குப்பைக்குப் போகிறதே என்று வயிறு எரிந்தது.

"ரோட்டுல வைக்க வேண்டாம். நாளைக்கு மண்டபத்துக்கு வந்து சொல்லு" என்றாள் ஆவுடைத்தாய்.

இத்தனை பேனர் எழுதியவள், அவற்றில் ஒரு கல்யாணத்துக்குக்கூடப் போனதில்லை. தன் வாசகத்துக்கு ஒரு கூட்டம் சிரித்துப் பார்த்ததும் இல்லை. மறுநாள் தயங்கித் தயங்கித்தான் போனாள். கடைசிப் பந்தியில் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு நழுவப் பார்த்தவளை ஆவுடைத்தாய் பிடித்துவிட்டாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், மாப்பிள்ளை, பெண், பாண்டி, சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடி நின்ற இடத்தில் நிறுத்தினாள்.

"பேனர் எழுதினது இவதான். ஏட்டி, அந்தப் பதினாறைச் சொல்லு."

கூட்டம் அடங்கியது. விலக்கில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். சிலர் முகம் சுருங்கியது. பாண்டி தரையைப் பார்த்தான். ஜெயசித்ரா அந்தக் கறுப்புக் கரை பேனர் கதையைச் சுருக்கமாகச் சொல்லி, அந்த வரியைச் சொன்னாள். கடைசிவரைக்கும் சொன்னாள். சொல்லிவிட்டுக் கூட்டத்தைப் பார்க்கவில்லை. ஆவுடைத்தாயின் முகத்தைப் பார்த்தாள்.

ஆவுடைத்தாய் சிரித்தபிறகுதான் அவளும் சிரித்தாள். வாயைப் பொத்தாமல் சிரித்தாள்.